ஜேஇஇ படிவத்தில் பொதுப்பிரிவு, பொறியியல் கலந்தாய்வில் பிசி: என் மகள் எதைப் போடுவது நியாயம்?

தெப்பக்குளம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நாங்கள் பிசி. என் கணவர் குரூப் 1 தேர்வு எழுதி நேரடியாக அரசுப் பணிக்கு வந்தவர், நான் வங்கியில் அதிகாரி. சொந்த வீடு இருக்கிறது. அவள் படித்தது சிபிஎஸ்இ பள்ளியில், பதினொன்றாம் வகுப்பிலிருந்தே கோச்சிங்கும் போனாள்.

ஐஐடி, என்ஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇக்கு விண்ணப்பித்தபோது மத்திய அரசின் ஓபிசி பிரிவைப் போட முடியவில்லை. பெற்றோரில் ஒருவர் குரூப் ஏ என்கிற உயர் பதவியில் நேரடியாகச் சேர்ந்திருந்தால் பிள்ளைகள் கிரீமிலேயர், அதாவது வசதியானவர்கள் என்று ஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்படுகிறவர்கள், அவ்வளவுதான், சம்பளம் எவ்வளவு என்றே கேட்பதில்லை. அதனால் அங்கே பொதுப்பிரிவு. இப்போது தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தால் பிசி சான்றிதழை ஏற்றச் சொல்கிறது, ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு என்று எதுவும் இல்லை. ஒரே பெண், ஒரே அப்பா அம்மா, இரண்டு படிவத்தில் இரண்டு பிரிவு.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள்தான் பிடித்துக்கொண்டாள். அவளோடு டியூஷன் படித்த பெண்ணின் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அவர்களும் எங்கள் சாதிதான். "அவளும் நானும் ஒரே வரிசையில நிக்கிறது சரியாம்மா?" என்று கேட்கிறாள். அவள் அப்பா வேறு மாதிரி சொல்கிறார். அவருடைய அப்பா கையெழுத்துப் போடத் தெரியாதவர், ஒரு தலைமுறை சம்பளம் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டதா, என்னைப் பற்றி ஆபீசில் முதுகுக்குப் பின்னால் பேசுவதை நீ கேட்டிருக்கிறாயா என்கிறார். இரண்டு பேர் பேச்சும் எனக்குப் புரிகிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏன் கிரீமிலேயர் இல்லை? அவள் பிசி வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால் அந்த இடம் யாருக்குப் போகும்? இதில் நியாயம் எது?

கணக்கு வாத்தியார் எழுதியது:

மேடம், நான் பல வருடமாகப் பிள்ளைகளுக்குக் கலந்தாய்வுப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன், அதனால் நடைமுறையைச் சொல்கிறேன், நியாயத்தை மற்றவர்கள் பேசட்டும்.

தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டை 69 சதவீதம் என்று மொத்தமாகச் சொல்வதில்தான் பாதிக் குழப்பம். பிசி 30, அதற்குள் முஸ்லிம்களுக்கு 3.5. மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் (எம்பிசி) சீர்மரபினரும் சேர்த்து 20. எஸ்சி 18, அதற்குள் அருந்ததியருக்கு 3. எஸ்டி 1. மீதி 31. இந்த 31 முற்பட்ட வகுப்பாரின் பங்கு என்று நினைக்கிற பெற்றோரை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அது எந்தச் சாதியின் பங்கும் இல்லை. தரவரிசையில் மேலே இருக்கிற யாராக இருந்தாலும் முதலில் அதில்தான் இடம் பெறுவார்கள். கேட்ட கல்லூரியில் கேட்ட பாடம் அங்கே தீர்ந்துபோயிருந்தால்தான் சமுதாய ஒதுக்கீட்டுக்கு வருவார்கள். பிசி என்று பதிவு செய்தால் பொதுப்போட்டி வாய்ப்பு போய்விடும் என்ற பயம் வேண்டாம், இரண்டிலும் அவள் பெயர் இருக்கும். நல்ல கட் ஆஃப் என்றால் பிசி இடத்தைத் தொடாமலேயே வெளியே வந்துவிடுவாள்.

அவள் பிசி வேண்டாம் என்று சொன்னால் அந்த இடம் தரவரிசையில் அடுத்து நிற்கிற பிசி பிள்ளைக்குப் போகும். அந்த அடுத்த பிள்ளை யார்? கிண்டி பொறியியல் கல்லூரியிலும் மற்ற பெரிய கல்லூரிகளிலும் அந்த உயரத்தில் நிற்கிற பிள்ளைகளில் நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் உங்கள் மகளைப் போன்றவர்கள்தான், தனியார் பள்ளி, கோச்சிங், படித்த பெற்றோர். ஆட்டோ ஓட்டுகிறவர் மகளுக்கு அது போய்ச் சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உங்கள் மகளின் மனசு நல்ல மனசு. ஆனால் ஒரு பிள்ளை விலகிக்கொள்வதால் அவள் நினைக்கிற காரியம் நடக்காது, விதி மாறினால்தான் நடக்கும். சட்டப்படி அவள் பிசிதான், தாராளமாகப் போடலாம்.

பழைய சட்டக்கல்லூரி எழுதியது:

தமிழ்நாட்டில் கிரீமிலேயர் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். ஒருமுறை வந்தது சகோதரி, மக்கள் தூக்கி எறிந்தார்கள்.

1979இல் எம்.ஜி.ஆர். அரசு ஓர் ஆணை போட்டது. ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு கிடையாது. திராவிடர் கழகமும் திமுகவும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு எதிர்த்தன. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அதிமுக இரண்டே இரண்டு தொகுதியில் ஜெயித்தது. உடனே அந்த ஆணையை விலக்கிக்கொண்டு, 31 சதவீதமாக இருந்த பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 50 ஆக்கினார்கள். எஸ்சி, எஸ்டிக்கு இருந்த 18ஐச் சேர்த்தால் 68. 1990இல் பழங்குடியினருக்கு 1 சதவீதம் தனியாகக் கொடுத்தபோது 69 ஆனது. அதற்குப் பிறகு வருமான வரம்பு என்ற பேச்சை எடுக்க எந்தக் கட்சிக்கும் துணிவு வரவில்லை.

பிறகு 1992 நவம்பரில் இந்திரா சாஹ்னி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு. மண்டல் கமிஷன்படி மத்திய அரசு வேலையில் 27 சதவீதம் செல்லும், ஆனால் மொத்தம் 50ஐத் தாண்டக் கூடாது, கிரீமிலேயரை நீக்க வேண்டும் என்றது. அப்போது ஜெயலலிதா முதல்வர். சட்டமன்றத்தில் தனிச் சட்டம் இயற்றி, 1994இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கி, அரசியல் சட்டத்தின் 76ஆவது திருத்தத்தின் மூலம், நீதிமன்றத்தில் அடிபடாமல் சட்டங்களைப் பாதுகாக்கிற ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள். 69 இன்றுவரை நிற்பது அதனால்தான். அந்த அட்டவணையில் இருந்தாலும் நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007இல் தீர்ப்பு வந்துவிட்டது, ஆகவே வழக்கு முடிந்துபோன விஷயம் என்று யாரும் படுத்துத் தூங்க முடியாது.

சரி, என் கருத்து. நான் கிரீமிலேயருக்கு எதிரி. காரணம் எளிது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் இடங்களைச் சாதிவாரியாகப் பிரித்த நம் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று ஆனபோது, போராட்டத்துக்குப் பிறகு அரசியல் சட்டத்துக்கே முதல் திருத்தம் கொண்டுவந்து சேர்த்த பிரிவில் இருப்பது சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்கள் என்பதுதான். ஏழ்மை அதில் இல்லை. ஏழ்மைக்கு உதவித்தொகை கொடு, கட்டணத்தை ரத்து செய், சோறு போடு. இடஒதுக்கீடு எதற்கு? தாசில்தார் நாற்காலியிலும் நீதிபதி நாற்காலியிலும் பேராசிரியர் அறையிலும் எல்லாச் சாதி ஆளும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்கு. உங்கள் கணவர் குரூப் 1இல் வந்தார் இல்லையா, அந்த வீட்டிலிருந்து அடுத்த ஆள் ஐஐடிக்குள் நுழையப் போகிற நேரத்தில் கதவைச் சாத்துவதுதான் கிரீமிலேயர். மத்திய அரசுக் கல்லூரிகளில் ஓபிசி இடம் நிரம்பாவிட்டால் அது பொதுப்பிரிவுக்குப் போகிறது. தயாராகி வந்த பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு, தயாராகாத பிள்ளையைக் காரணம் காட்டி அந்த இடத்தையே எடுத்துக்கொண்டால் அதற்கு என்ன பெயர்?

செங்கோட்டை பாசஞ்சர் எழுதியது:

சட்டக்கல்லூரி அண்ணன் சொன்ன வரலாறு சரி. முடிவு எனக்கு ஒப்பவில்லை.

இடம் காலியாகப் போய்ப் பொதுப்பிரிவுக்குப் போகும் என்பது டெல்லிக் கதை. நம்ம ஊர்ப் பொறியியலிலும் மருத்துவத்திலும் நல்ல கல்லூரியில் பிசி இடம் காலியாகக் கிடந்து எப்போது பார்த்தீர்கள்? பொதுப்போட்டிக் கட் ஆஃபுக்கு ஒட்டிக் கீழேயே பிசி கட் ஆஃப் நிற்கிறது. இங்கே கேள்வி இடம் நிரம்புமா என்பது இல்லை, யாரால் நிரம்புகிறது என்பது.

நான் வண்ணார் சாதி. எங்கள் சாதி செங்கோட்டை வட்டாரத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் எஸ்சி, மற்ற இடங்களில் எம்பிசி. அந்தப் பகுதிகள் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தன, பட்டியல் அந்த வழியில் வந்தது. துணி வெளுக்கிற வேலையும், ஊர்ச் சாவுக்குச் செய்கிற வேலையும், வீட்டு வாசலில் நின்று சோறு வாங்கியதும் இரண்டு பக்கத்திலும் ஒன்றுதான். என் மாமா பிள்ளைகள் எஸ்சி, நான் எம்பிசி. பட்டியல் கடவுள் எழுதியது இல்லை, அதைத் திருத்தலாம் என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

1969இல் கலைஞர் அரசு போட்ட முதல் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் தலைவர் சட்டநாதன் செங்கோட்டைக்காரர். 1970இல் அறிக்கை கொடுத்தார். பிசி பட்டியலில் இருக்கிற சில சாதிகளே பெரும்பகுதி இடத்தையும் வேலையையும் எடுத்துக்கொள்கின்றன, மிகவும் பின்தங்கியவர்களைத் தனியாகப் பிரியுங்கள், வசதியானவர்களுக்கு வரம்பு வையுங்கள் என்றார். அரசு என்ன செய்தது? சதவீதத்தை 25இலிருந்து 31 ஆக்கியது, பிரிப்பதை விட்டுவிட்டது. பிறகு அம்பாசங்கர் ஆணையம் வந்து 1985இல் அதே நோயைச் சொன்னது, அதுவும் அலமாரிக்குப் போனது. 1987இல் வன்னியர்கள் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டு மறித்து, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்த பிறகுதான் 1989இல் எம்பிசி 20 என்று பிரிந்தது. அதற்குள் நூற்றுக்கு மேல் சாதிகள். அதில் எண்ணிக்கையில் பெரியவர்களும் இருக்கிறார்கள், எங்களைப் போல ஊருக்கு நாலு வீடு இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

2021 தேர்தல் தேதி அறிவிக்கிற அன்று வன்னியர்களுக்கு 10.5 என்று சட்டசபையில் நிறைவேற்றினார்கள். 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது, முக்கியக் காரணம் கையில் இன்றைய தேதிக்குக் கணக்கு இல்லை, அம்பாசங்கர் காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு சட்டம் போட்டார்கள். வன்னியருக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, கணக்கு எடுத்துவிட்டுக் கொடுங்கள், எங்கள் கணக்கையும் சேர்த்து எடுங்கள். கணக்கு இல்லாமல் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கிறிஸ்தவர்களே சாட்சி. 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 என்று உள் ஒதுக்கீடு கொடுத்தார்கள். முன்பு பிசி மொத்தத்தில் கிடைத்ததைவிடக் குறைவாகக் கிடைக்கிறது என்று கிறிஸ்தவர்களே கேட்டு 2008இல் தங்கள் பங்கை ரத்து செய்யவைத்தார்கள்.

கணக்கு இல்லாமலா இருக்கிறது? கலந்தாய்வுப் படிவத்தில் சாதிப் பெயரோடு எழுதுகிறோம், டிஎன்பிஎஸ்சியிலும் எழுதுகிறோம். இந்த ஆண்டு எந்தச் சாதியில் எத்தனை பேருக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது, எந்தச் சாதியில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை என்று வருடா வருடம் வெளியிட்டால் போதும், பாதிச் சண்டை தீரும். 1931க்குப் பிறகு எல்லாச் சாதியையும் எண்ணி வெளியிட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியா முழுவதற்கும் இல்லை. வரப்போகிற கணக்கெடுப்பில் சாதியைக் கேட்போம் என்று மத்திய அரசு 2025இல் சொல்லியிருக்கிறது, அதன் முடிவு வருகிற வரைக்கும் எங்களைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

காவிரிக்கரை எழுதியது:

நான் முற்பட்ட வகுப்பு. கோபப்படாமல் படியுங்கள், நானும் கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன்.

அப்பா கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தார். கோயில் சம்பளமும் தட்டில் விழுந்ததும்தான் குடும்பம். நாங்கள் இரண்டு பேர், நானும் அக்காவும். வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்பதால் முதல் பட்டதாரிச் சலுகை எனக்குக் கிடைத்தது, அது சாதி பார்க்காமல் கொடுப்பது, அதற்கு இந்த மாநிலத்துக்கு நன்றியோடு இருக்கிறேன். ஆனால் என் கட் ஆஃபில் என்னோடு படித்த, எங்களைவிடப் பல மடங்கு வசதியான வீட்டுப் பையன்களுக்குக் கிடைத்த கல்லூரி எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வயதில் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் முன்னோர்கள் படிப்பை வைத்துக்கொண்டு மற்றவர்களை வாசலில் நிறுத்தினார்கள், அதை நான் மறுக்கவில்லை. தெருவில் நடக்கும்போது எனக்கு ஒருவரும் அவமானம் செய்ததில்லை, அதுவும் உண்மை. அதனால்தான் இடஒதுக்கீட்டை எடுத்துவிடு என்று கத்துகிறவர்கள் கூட்டத்தில் நான் சேரவில்லை. பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு என்று 2019இல் 10 சதவீதம் கொண்டுவந்தார்கள், 2022இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் ஏற்றது, தமிழ்நாடு அதைச் செயல்படுத்த மறுக்கிறது. அதிலும் எனக்கு முழு மனசு இல்லை. ஆண்டுக்கு 8 லட்சம் வரை வருமானம் இருந்தால் ஏழை என்கிறார்கள். மாதம் 66,000 வாங்குகிறவரும் என் அப்பாவும் ஒரே ஏழையா? எஸ்சி, எஸ்டி, ஓபிசியில் இருக்கிற ஏழையை வெளியே நிறுத்திவிட்டுக் கொடுக்கிற ஒதுக்கீடு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் எனக்கு என்று இந்த ஏற்பாட்டில் ஓர் இடமும் இல்லையா என்று கேட்க எனக்கு உரிமை உண்டுதானே?

இரவுப்பணி எழுதியது:

உண்டு அண்ணா. உங்களுக்கும், கேள்வி கேட்ட அக்காவுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்ந்தவள், இப்போது ஹவுஸ் சர்ஜன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, அப்பா கல்குவாரியில் லோடு ஏற்றுகிறவர்.

2020க்கு முந்தைய சில ஆண்டுகளில், நீட் வந்த பிறகு, தமிழ்நாடு முழுவதற்கும் அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் படிக்காத பிள்ளைகள் இல்லை. நீட்டுக்கு ஒரு வருடம், இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து லட்சக்கணக்கில் கோச்சிங் கட்டிப் படிக்க முடிகிறவர்கள் முன்னால் போனார்கள், அவ்வளவுதான். தமிழ்வழியில் படித்தவர்கள் பங்கும் அப்படியே சரிந்தது. நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையைப் பார்த்து அன்றைய எடப்பாடி பழனிசாமி அரசு 2020 செப்டம்பரில் 7.5 சதவீத மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். கலந்தாய்வுக்கு நேரமாகிவிட்டது என்று அக்டோபர் கடைசியில் அரசே ஆணையாக வெளியிட, ஒப்புதல் பின்னாலேயே வந்தது. முதல் வருடமே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 400 பேர் உள்ளே வந்தார்கள். கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 2021இலிருந்து பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த 7.5க்குள்ளும் அதே 69 பிரிவு ஓடுகிறது. மீதி 31 பொது. காவிரிக்கரை அண்ணா, உங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் இந்த வழியாக வரலாம், சாதி குறுக்கே நிற்காது. அக்கா, உங்கள் மகள் நிற்கிற வரிசை வேறு, அவள் தோழி அரசுப் பள்ளி என்றால் அவளுக்கு இன்னொரு வரிசையும் உண்டு. சாதிப் பங்கைத் தொடாமலேயே அதற்குள் பின்தங்கியவர்களை முன்னே கொண்டுவர ஒரு வழி ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன் இதை யாருமே இந்த விவாதத்தில் பேசுவதில்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

முதல் வருடம் எங்களை "செவன் பாயின்ட் ஃபைவ்" என்றுதான் கூப்பிட்டார்கள். மார்க் குறைவாக வந்தவர்கள் எப்படி டாக்டர் ஆவார்கள் என்று இங்கேயும் யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உள்ளே வருவதற்குத்தான் ஒதுக்கீடு. உடற்கூறியலும் மருந்தியலும் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே தேர்ச்சி மதிப்பெண். மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிச் சேர்கிறவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2022 ஜனவரியில் மருத்துவ மேற்படிப்பில் ஓபிசி ஒதுக்கீட்டை ஏற்ற தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் தேர்வு மதிப்பெண் மட்டுமே தகுதிக்கு அளவு இல்லை, அதற்குப் பின்னால் குடும்பச் சூழலும் பள்ளியும் இருக்கின்றன என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

தெப்பக்குளம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி, நீங்கள் சொன்னதை மகளிடம் காட்டினேன். அவள் தோழி படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அப்போது அவளுக்கு 7.5 கிடைக்காது இல்லையா? அந்தப் பள்ளிக்கும் எங்கள் பக்கத்து அரசுப் பள்ளிக்கும் பிள்ளைகளில் எந்த வித்தியாசமும் இல்லை, எல்லாம் கூலி வேலைக்குப் போகிற வீடுகள்தான். அப்புறம் சட்டக்கல்லூரி சார், நீங்கள் வருமான வரம்பே கூடாது என்கிறீர்கள், ஆனால் என் வீட்டையும் அந்த வீட்டையும் பிரித்துப் பார்க்க ஏதாவது ஒன்று வேண்டாமா?

பழைய சட்டக்கல்லூரி எழுதியது:

வேண்டும். ஆனால் வருமானச் சான்றிதழ் அதற்கு உதவாது என்கிறேன். மத்திய கிரீமிலேயர் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 லட்சத்தைப் பார்க்கும்போது விவசாய வருமானத்தைச் சேர்ப்பதில்லை. தொழில் நடத்துகிறவர் கணக்கில் காட்டுவதுதான் வருமானம். மாட்டுகிறவர் யார் என்றால் அரசுப் பதவிப் பட்டியலில் பெயர் இருக்கிற உங்கள் கணவர். நாலு ரைஸ் மில் வைத்திருக்கிறவர் தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழ் வாங்கிவிடுவார். 9,000 ரூபாய் ஆணையில் அன்று முதலில் அடிபட்டதும் சம்பளம் வாங்கிய குடும்பங்கள்தான் என்று என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன், அவர் அஞ்சல் துறையில் இருந்தார்.

டாக்டர் தங்கை சொன்ன வழியில் அந்த ஓட்டை இல்லை. ஏழு வருடம் அரசுப் பள்ளியில் படித்ததைப் போலியாகக் காட்ட முடியாது, பள்ளிப் பதிவேடு இருக்கிறது. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், 7.5 போதாது, கூட்ட வேண்டும், உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். செங்கோட்டைத் தம்பி கேட்கிற சாதிவாரிக் கணக்கையும் வெளியிடட்டும், பிரிக்க வேண்டிய இடத்தில் பிரிக்கட்டும். எஸ்சிக்குள் அருந்ததியருக்கு 2009இல் 3 சதவீதம் கொடுத்ததுபோல. மாநிலங்கள் எஸ்சி பட்டியலுக்குள் பிரிக்கலாம் என்று 2024 ஆகஸ்டில் ஏழு நீதிபதிகள் அமர்வில் ஆறு பேர் சொல்லியும் விட்டார்கள். பணத்தை அளவுகோலாக வைத்து ஆளை வெளியே தள்ளாதீர்கள் என்பதில் மட்டும் நான் நகர மாட்டேன்.

ஓஎம்ஆர் சாலை எழுதியது:

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் எஸ்சி, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீட். அருந்ததியர் பெயர் வந்ததால் எழுதுகிறேன், நானும் அந்தச் சாதிதான். அந்த 3 சதவீதம் வராமல் இருந்தால் என் தம்பி அரசுக் கல்லூரிக்குள் போயிருக்க மாட்டான். எஸ்சிக்குள்ளேயே எங்களைத் தொடாதவர்கள் உண்டு என்பதை வெளியே சொல்ல எங்கள் பக்கத்திலேயே பலருக்குத் தயக்கம். ஆனால் துப்புரவு வேலையில் தலைமுறை தலைமுறையாக யார் இருக்கிறார்கள் என்று மாநகராட்சி வாசலில் போய்ப் பார்த்தால் தெரியும். அந்த வேலையையும் இப்போது கான்ட்ராக்டில் விட்டுவிட்டார்கள். நிரந்தரப் பணியாக இருந்தபோது அதிலாவது ஓய்வூதியம் இருந்தது, அதை வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு, என் தாத்தா அப்படித்தான் என் அப்பாவைப் படிக்க வைத்தார்.

நீங்கள் எல்லாரும் கல்லூரி இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வேலை? 2024 குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், பணியிடங்கள் 10,000க்கும் கீழே. 69 சதவீதமும் அந்தச் சின்னக் குவளைக்குள்தான். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்காவது சமுதாயப் பிரிவு உண்டு, தனியார் வேலையில் ஒன்றுமே இல்லை. நான் நேர்காணல் குழுவில் உட்காருகிறேன், அதனால் தெரிந்து சொல்கிறேன். பாதிக்கு மேல் ஆட்கள் ரெஃபரல் வழியாக வருகிறார்கள். ரெஃபரல் என்றால் உள்ளே இருக்கிறவரின் அண்ணன், மச்சான், கல்லூரி நண்பன், பக்கத்து ஃபிளாட். உள்ளே இருக்கிறவர் யார் என்பதைப் பொறுத்து வெளியே இருந்து வருகிறவர் அமைகிறார். யாரும் சாதி கேட்பதில்லை. சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார், வீட்டில் சைவமா என்று கேட்பார்கள். ஒரு முறை மிக நன்றாகப் பதில் சொன்ன பெண்ணைக் கம்யூனிகேஷன் சரியில்லை என்று ஒதுக்கினார்கள், அவள் பேசியது தென்மாவட்டத்து இங்கிலீஷ், வேறு ஒரு குறையும் இல்லை. நான் எதிர்த்துப் பேசி அடுத்த சுற்றுக்கு அனுப்பவைத்தேன், இப்போது அவள் என் குழுவில்தான் இருக்கிறாள்.

அரசின் தொழில் வளாகங்களான சிப்காட்டிலும் எல்காட்டிலும் நிலமும் மின்சாரச் சலுகையும் வாங்குகிற நிறுவனங்கள், தங்களிடம் எந்தச் சமுதாயப் பிரிவில் எத்தனை பேர், எந்தப் பதவியில் என்று வருடம் ஒருமுறை அரசிடம் கொடுக்கட்டும். ஒதுக்கீடுகூடப் பிறகு பேசலாம், முதலில் எண்ணிக்கை வெளியே வரட்டும். அக்கா, உங்கள் மகள் பிசி என்றே போடட்டும், அதில் தப்பு இல்லை. அவள் கேட்ட கேள்வியைப் பிசி வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருந்தால் சட்டநாதன் அறிக்கை அலமாரிக்குப் போயிருக்காது.

செங்கோட்டை பாசஞ்சர் எழுதியது:

ஓஎம்ஆர் தோழர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். தனியாரில் உள்ளூர்க்காரருக்கு 75 சதவீதம் என்று ஹரியானா போட்ட சட்டத்தை 2023இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதனால் நேராக ஒதுக்கீடு என்று போனால் நீதிமன்றத்தில் மாட்டும். கணக்குக் கேட்பதில் அந்தச் சிக்கல் குறைவு, கேட்க வேண்டிய முதல் காரியம் அதுதான்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

மேடம், உங்கள் மகளின் தோழிக்கு இப்போதே செய்ய முடிகிற ஒன்று இருக்கிறது, விவாதத்தில் அது விட்டுப்போகக் கூடாது. அந்த வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், அண்ணன் அக்கா உட்பட, முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கச் சொல்லுங்கள். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் அந்தச் சலுகை கிடைக்கும், மேனேஜ்மென்ட் இடத்தில் சேர்ந்தால் கிடைக்காது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் விஏஓ, ஆர்ஐ என்று கை மாறி வர நாள் ஆகும். பதிவு முடிகிற கடைசி வாரத்தில் போய் நின்று சான்றிதழ் வராமல் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், ஆகவே நாளைக்கே போகச் சொல்லுங்கள். விருப்பப் பட்டியல் நிரப்பும்போது அந்தப் பெண்ணையும் கூட்டி வாருங்கள், அல்லது இங்கேயே கட் ஆஃபையும் பிரிவையும் எழுதுங்கள். அவள் வரிசைக்கு எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எட்டும் என்று போன வருடப் பட்டியலை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். தெரியாமல் மேலே பத்துக் கல்லூரியை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள், அப்படிச் செய்ய வேண்டாம். எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.